அடுப்பு காணாத பிஸ்கோத்து

சாத்தான்குளம்,
1911 மார்ச்சு 6

என் கண்ணான மருமகள் ஜெபராணிக்கு உன் தாய்மாமன் பாக்கியசீலன், பேனா முள்ளை இரண்டு தரம் துடைத்துவிட்டு எழுதுவது.

நான் சுகம். என் சுகத்தைப் பார்த்து ஊரே கண் வைக்கிறது. உன் அம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீயும் அவளும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஜில்லாவிலே எத்தனை சண்டையைத் தீர்த்து வைத்தவன் நான்! இரண்டு மிராசுதார்கள் ஒரு வாய்க்காலுக்காகக் கம்பு எடுத்தபோது நடுவிலே போய் நின்று ஒரு தும்மல் தும்மினேன். இரண்டு பேரும் கம்பைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணாச்சி, நீங்க சொல்லுதபடி கேக்கோம்" என்றார்கள். அப்பேர்ப்பட்டவனால் சொந்த அக்காவை அசைக்க முடியவில்லை.

நீ தூத்துக்குடிக் கடைக்காரர் மகனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாற்றலுக்கு மாற்றல் பெட்டி தூக்கும் மிஷன் உபதேசியார் அப்பாத்துரையைக் கட்டிக்கொண்டாய். நான் அதைக் குற்றம் சொல்லவில்லை. உன் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்தவன் நான் ஒருவன்தான். கல்யாணப் பாட்டுக்கு நான் எடுத்த சுருதியில் கோவில் மணி தானாக ஒருதரம் அசைந்ததை நீயே கேட்டிருப்பாய். கல்யாணச் சோறு உண்டுவிட்டு நான் வீடு திரும்பியபோது உன் அம்மா சாலோமி கருப்பட்டிப் பெட்டியைத் தூக்கிப் பரணிலே போட்டுக்கொண்டிருந்தாள். "என் மக தன் காலால நடந்து வந்து இந்த வாசல்ல நிக்குத வரைக்கும் சீனியோ கருப்பட்டியோ என் நாக்குல படாது. இது ஆண்டவருக்கு நேந்த பொருத்தனை லே" என்றாள்.

சுற்றிப் பனங்காடு, நடுவிலே கருப்பட்டி இல்லாத ஒரு நாக்கு. நினைத்துப் பார். பதநீர் சீனியுமில்லை, கருப்பட்டியுமில்லையே அக்கா என்று நான் ஒரு வக்கீலைப் போல வாதாடினேன். "அது காய்ச்சாத கருப்பட்டி. பைய எந்திரிச்சுப் போ" என்றாள். முன்பு இனிப்பு இல்லாமல் ஒரு வாய் இறங்காது அவளுக்கு. இப்போது சோறும் சரியாக இறங்கவில்லை. கையிலே வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது.

உன் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் இங்கே தன் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது, உனக்கு ஐந்தாம் மாதம் என்று சொன்னாள். கிணற்றடியில் உன் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இறைத்த தண்ணீரை மறுபடியும் கிணற்றிலேயே ஊற்றிவிட்டு வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

தலைப்பிள்ளை தாய் வீட்டிலே பிறப்பதுதான் முறை. ஒரு நடை வந்து நின்றுவிடு, கண்ணே. மற்றதை உன் மாமன் பார்த்துக்கொள்வேன்.

உன் மாமன்,
பாக்கியசீலன்

❖

சீவலப்பேரி,
1911 மார்ச்சு 17

அன்புள்ள மாமா,

மணி காற்றில் அசைந்தது. அன்றைக்கு நல்ல காற்று. உங்கள் சுருதியும் நன்றாகத்தான் இருந்தது.

அம்மாவின் வளையலைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மாமா, அழைக்காமல் எப்படி வருவது? தலைப்பிள்ளைக்குப் பெண்ணை அழைத்துப் போகத் தாய்தானே வர வேண்டும்? நானாக மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றால், 'கட்டினவன் வீட்டிலே சோறு இல்லை, வந்துவிட்டாள்' என்று ஊர் சொல்லும். என்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். என்னைக் கட்டின அவர்களைச் சொல்ல விடமாட்டேன்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மசக்கைதான் இன்னும் விட்டபாடில்லை. அடுப்புப் புகை பட்டால் போதும், வயிறு புரள்கிறது. சீனி, கருப்பட்டி வாசனையே ஆகவில்லை. சோறு தங்கத்தாய் பொங்கித் தருகிறாள், நான் வாசலுக்கு வெளியே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். அம்மா பிடிவாதத்தால் இனிப்பை விட்டாள், என்னை என் வயிறு விட வைத்தது. இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒரே விரதம் இருக்கிறோம்.

ஆனாலும் பசிக்கிறது. அதனால் அடுப்பே வேண்டாத ஒரு பண்டம் கண்டுபிடித்தேன். இங்கே நெல்லுக்குப் பஞ்சமில்லை, அவல் புதிதாகக் கிடைக்கிறது. அவலும் பொரிகடலையும் உரலில் இடித்து, என் வயிறு ஏற்கிற ஒரே இனிப்பான பேரீச்சம்பழத்தைச் சேர்த்துப் பிசைந்து, பூவரச இலையில் வைத்து வில்லையாகத் தட்டி வெயிலில் காயப் போடுகிறேன். மத்தியானத்தில் சிற்றாறு வந்து பெரிய ஆற்றில் சேருகிற இடத்துக்குப் போய், மணலில் வேட்டியை விரித்துப் பரப்பிவிட்டு மருத மர நிழலில் சாய்ந்துகொள்வேன். இரண்டு தண்ணீரும் இரண்டு நிறமாகக் கொஞ்ச தூரம் பக்கம் பக்கமாகப் போகும். எங்கே ஒன்றாகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், அதற்குள் கண் சொக்கிவிடும். விழிக்கும்போது வில்லைகள் காய்ந்திருக்கும். வெயில் எப்போது சுட்டது என்றே தெரியாது.

எங்கள் வீட்டு அவர்கள் ஒருதரம் பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரத் துரைசாணி பங்களாவில் பிஸ்கோத்து சாப்பிட்டிருக்கிறார்களாம். இதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதுவும் பிஸ்கோத்துதான், அடுப்பு காணாத பிஸ்கோத்து" என்று பெயர் வைத்தார்கள்.

தங்கத்தாய் கையில் ஒரு பொட்டலம் தந்தனுப்புகிறேன். உங்களுக்குத்தான். அம்மாவுக்கு என்று நான் சொல்லவில்லை.

ஜெபராணி

❖

சாத்தான்குளம்,
1911 மார்ச்சு 29

மருமகளே,

உன் மாமன் என்னும் யானைக்கு நீ ஒரு பொட்டலம் அனுப்பினாய். ஒன்றுதான் தின்றேன். மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று கேள்.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. இப்படிப்பட்ட யோசனை கலெக்டர் துரைக்கு உதித்திருந்தால் அவரைச் சீமைக்குக் கூப்பிட்டுப் பதக்கம் குத்தியிருப்பார்கள். சீனி இல்லை, கருப்பட்டி இல்லை, ஆனால் இனிக்கிறது. பொருத்தனை எந்த இடத்திலே தடுக்கும்? நேரே உன் அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"என்ன லே இது?"

"பிஸ்கோத்து."

"சீனி போட்டிருக்கா?"

"ஒரு மணி கிடையாது."

"கருப்பட்டி?"

"அதுக்க வாசனைகூட இல்ல. பேரீச்சம்பழம் அக்கா. அரபு தேசத்துச் சரக்கு. உன் பொருத்தனைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

வாங்கினாள். கடிக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் ஏதோ கல், முடி கிடக்கிறதாக்கும் என்று பயந்துபோனேன்.

"யாரு லே செஞ்சா?"

என் நிலைமையை யோசித்துப் பார். உன் பேரைச் சொன்னால் அப்படியே கீழே வைத்துவிடுவாள். ஆகவே உன் நன்மைக்காக, உன் நன்மைக்காக மட்டுமே, "நான்தான்" என்றேன்.

"நீயா?"

"பிறகு யாரு? துரைசாணி பங்களா சமையல்காரனுக்கே பிஸ்கோத்து சொல்லிக் கொடுத்தது நான்தானே. ஒருதரம் தின்னுட்டு தலைப்பாகையைக் கழட்டி என் காலடியில வச்சான்."

உன் அம்மா என் கையைப் பார்த்தாள். பிஸ்கோத்தைப் பார்த்தாள். மறுபடி என் கையைப் பார்த்தாள். "நல்ல கை லே உனக்கு" என்றாள். பிறகு கடித்தாள். நான் இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷி இவ்வளவு மெதுவாகத் தின்று பார்த்ததில்லை. ஒரு வில்லையைத் தின்று முடிக்க, வெளியே போன ஆட்டு மந்தை முழுவதும் தெருவைக் கடந்துவிட்டது. அந்த மந்தையில் ஆயிரம் ஆடு இருக்கும்.

"மிச்சத்த அங்கன வச்சிட்டுப் போ" என்றாள். வைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே சீக்கிரம் அடுத்த பொட்டலம் அனுப்பு. பேரீச்சம்பழத்துக்கு நான் பொறுப்பு. காயல்பட்டினத்து உமர் பாரூக் அண்ணாச்சி இங்கே கடை போட்டிருக்கிறார். என் முகத்தைப் பார்த்தாலே நல்ல பழமாகப் பொறுக்கி வைத்துவிடுவார். ஒரு யோசனை சொல்கிறேன், கொஞ்சம் எள்ளும் சேர்த்துப் பார், மணக்கும்.

உன் மாமன்,
பாக்கியசீலன்

❖

சீவலப்பேரி,
1911 ஏப்ரல் 10

அன்புள்ள மாமா,

பிள்ளைத்தாய்ச்சிக்குச் சூடு தரும் எள்ளா? இதைத் தங்கத்தாயிடம் வாசித்துக் காட்டினேன், அவள் உங்களைச் சொன்னதை நான் எழுதமுடியாது.

உங்கள் கடிதத்தை வாசித்து முதலில் கோபம் வந்தது. நான் தட்டிய வில்லையை என் அம்மா தின்கிறாள், 'நல்ல கை' என்கிறாள், அந்தப் பேர் உங்களுக்குப் போகிறது. என் கையைப் பற்றி அம்மா ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. எனக்கு இடக்கைப் பழக்கம் என்று சின்ன வயதில் அம்மா எத்தனை தரம் அகப்பைக் காம்பால் அடித்திருக்கிறாள், நீங்கள் பார்த்ததுதானே. மாவு பிசைந்தாலும் அடி, பூத் தொடுத்தாலும் அடி.

பிறகு கோபம் போய்விட்டது. அம்மா தின்றாளே என்று இருந்தது. மெதுவாகத் தின்றாள் என்று எழுதினீர்கள் பாருங்கள், அது நிஜம்தானே மாமா? ஆட்டு மந்தையை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றை மட்டும் ஜோடிக்காமல் எழுதுங்கள்.

நேற்று மணலில் கண் அயர்ந்தபோது ஒரு கனவு. அம்மா ஆற்றின் அந்தக் கரையில் நிற்கிறாள். முழங்கால் தண்ணீர்தான், இறங்கினால் வந்துவிடலாம். சேலை முந்தானையில் எதையோ மூடிப் பிடித்திருக்கிறாள். நான் 'வா' என்று கையாட்டுகிறேன். அவள் 'நீ வா' என்று கையாட்டுகிறாள். இருவரும் ஆட்டிக்கொண்டே இருக்கிறோம், தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. விழித்துப் பார்த்தால் ஒரு கொக்கு விரித்த வேட்டி ஓரத்தில் நின்று பிஸ்கோத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தரம் கொப்பரைத் துருவலும் ஏலமும் சேர்த்திருக்கிறேன். அம்மாவுக்கு ஏலம் பிடிக்கும்.

ஜெபராணி

❖

சாத்தான்குளம்,
1911 மே 22

மருமகளே, என்னைக் காப்பாற்று.

நீ அனுப்பிய பொட்டலம் ஒவ்வொன்றும் என் புகழை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. கோவிலுக்குப் போனால் குருவானவர் வீட்டு ஐயர் அம்மா, "பாக்கியசீலன், பிஸ்கோத்து நம்ம வீட்டுக்கும் உண்டா?" என்று கேட்கிறார்கள். உமர் பாரூக் அண்ணாச்சி வாய்விட்டுச் சொல்லிவிட்டார், தன் பேரீச்சம்பழத்துக்கு என் கை பட்டபிறகுதான் மோட்சம் கிடைத்ததாம். இந்தப் புகழை நான் தேடிப் போகவில்லை. வந்த புகழை வாசலில் நிறுத்துவது மரியாதை இல்லையே என்று உள்ளே விட்டேன்.

உன் அம்மா தேறிவிட்டாள். வளையல் இறங்கி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. இது ஜோடிப்பு இல்லை. மெதுவாகத் தின்கிறாள், அதுவும் ஜோடிப்பு இல்லை. என்மேல் அவளுக்கு இப்போது வைத்திருக்கிற பாசம் இருக்கிறதே, நாற்பது வருஷமாக இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

போன வாரம் கேட்கிறாள், "ஏலே, உரல்ல இடிக்கும்போது ரொம்பக் குனியாத. இடுப்பு வலிக்குதா?"

"இல்ல அக்கா."

"கால் வீங்குதா?"

"என் காலுக்கு என்ன, இரும்பு!"

"செய்யுத ஆளு ரெண்டு கூடவே தின்னணும். வெறும் வயித்துல வெயில்ல நிக்கக் கூடாது. கேட்டியா? நல்லாத் தூங்கணும்."

தம்பியின் இடுப்புக்கும் காலுக்கும் இப்படிக் கவலைப்படுகிற அக்காவை நீ எந்த ஊரிலாவது கண்டதுண்டா? என் கண் கலங்கிவிட்டது. நேற்று ஒரு முழுக் கொப்பரையும், நெய் ஒரு சின்னச் செம்பும் என் கையில் தந்து, "இதையும் சேத்துக்கோ, உடம்புக்குப் பெலன்" என்றாள். யார் உடம்புக்கு என்று கேட்டேன். "தின்னுத உடம்புக்குத்தான்" என்றாள். இரண்டையும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அதெல்லாம் சரி. இப்போது ஆபத்தைக் கேள். போன வாரமே இன்னொன்றும் சொன்னாள், "லே பாக்கியம், நாளும் கிழமையும் எங்கேயோ போய்ச் செஞ்சு கொண்டாருத. இனி அது வேண்டாம். ஜூன் பிறந்ததும் ஒரு சனிக்கிழமை, இந்த முற்றத்துல, என் கண் முன்னால செய்யி. நான் பாக்கணும்."

முடியாது என்று சொன்னால் பேர் போகும். சரி என்று சொல்லிவிட்டேன். உடனே ரகசியமாக ஒருதரம் ஒத்திகை பார்த்தேன், ஊருக்கு வெளியே தேரிக்காட்டுப் பக்கம். உன் ஆற்று மணல் வேட்டியோடு கிடக்கும், எங்கள் தேரிச் செம்மணல் எழுந்து நடக்கும். காற்று அடித்த அடியில் பிஸ்கோத்து ஒவ்வொன்றும் செங்கல் ஆகிவிட்டது. ஒன்றைக் கடித்தேன். கடைவாய்ப் பல் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஆகவே செய்முறையை ஒன்றுவிடாமல் எழுது. எத்தனை பிடி, எவ்வளவு நேரம், எல்லாம் எழுது. என் மானம் உன் கையில்.

உன் மாமன்,
பாக்கியசீலன்

❖

சீவலப்பேரி,
1911 மே 30

அன்புள்ள மாமா,

செய்முறை இதுதான். இரண்டு பிடி அவலை வெயிலில் மொரமொரப்பாகக் காயவைத்து உரலில் ரவையாக இடியுங்கள். மாவாக்கிவிடாதீர்கள். ஒரு பிடி பொரிகடலையையும் அப்படியே இடித்துத் தனியே வையுங்கள். பேரீச்சம்பழம் இரண்டு பிடி, கொட்டை நீக்கி, உரலில் அது பசைபோல ஒட்டுகிறவரை பொறுமையாக இடிக்க வேண்டும். உலக்கை ஒட்டிக்கொண்டு மேலே வராது, அப்போது கோபப்படக் கூடாது. பிறகு எல்லாவற்றையும் கொட்டி, கொப்பரைத் துருவல் ஒரு பிடி, இரண்டு ஏலம், நகத்தளவு சுக்குப் பொடி சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, விட்டால் மறுநாளே பூசணம் பூக்கும். கையில் ஒட்டினால் நெய் தொட்டுக்கொள்ளுங்கள். நெல்லிக்காய் அளவு உருட்டிப் பூவரச இலையில் வைத்து, நடுவில் பெருவிரலால் ஒரு அழுத்து. அவ்வளவுதான். மேலே மெல்லிய துணி மூடி வெயிலில் வையுங்கள். மேல் தோல் காய்ந்து உள்ளே மெதுவாக இருக்கும்போது எடுத்துவிட வேண்டும்.

இனி என் விஷயம். நெய்யும் கொப்பரையும் வந்தன. மாமா, நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா உங்கள் இடுப்பைப் பற்றி இதற்கு முன் எப்போதாவது கேட்டதுண்டா? உங்கள் கால் வீக்கத்தைப் பற்றி?

என் கால் வீங்கித்தான் இருக்கிறது.

தங்கத்தாய் சொல்கிறாள், "ஒங்க அம்மைக்கு எல்லாம் தெரியும் போலிருக்கே. வண்டியக் கெட்டிக்கிட்டுப் போய் எறங்கும்மா." எனக்கும் அப்படித் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவதை வைத்துக்கொண்டு எப்படி வண்டி ஏறுவது? நானே கனவு கண்டு, நானே அதற்கு அர்த்தம் செய்துகொண்டு வந்து நின்று, அங்கே அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால்? திரும்பிவர எனக்கு இப்போது உடம்பில் பெலன் இல்லை. ஒரு வார்த்தை போதும். 'வரச் சொல்' என்று அம்மா ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

மருத்துவச்சி இன்னும் ஒரு மாதம் தாங்காது என்கிறாள். மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டது, ஆற்றில் புதுத் தண்ணீர் நிறம் மாறி வருகிறது. வெயில் விட்டுவிட்டுத்தான் அடிக்கிறது. பிஸ்கோத்து காய இரண்டு நாளாகிறது. நான் இப்போதெல்லாம் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியாமல் கரையில் கிடக்கிறேன். வயிற்றுக்குள் பிள்ளை புரளும்போது ஆறு புரள்கிற மாதிரி இருக்கிறது. இது எந்த ஊரில் பிறக்கப் போகிறது என்று அதனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜெபராணி

❖

சாத்தான்குளம்,
1911 ஜூன் 10, சாயங்காலம்

மருமகளே,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன்னே வண்டி வந்து சேர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒன்றும் தெரியாதவளைப் போல வாசி. இல்லாவிட்டால் நான் எழுதுவதற்கு மதிப்பு இல்லை.

இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. முற்றம் நிறைய ஜனம். ஐந்நூறு பேர் என்று வைத்துக்கொள். உமர் பாரூக் அண்ணாச்சி பேரீச்சம்பழக் கூடையைத் தாமே சுமந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஐயர் அம்மாவுக்கு முக்காலி போட்டோம். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உரலுக்கு முன்னால் நின்றபோது, ஒரு ராஜா பட்டம் சூட நிற்கிறமாதிரி இருந்தது.

நீ எழுதியபடியே செய்தேன். உலக்கை ஒட்டியது. நான் கோபப்படவில்லை, உலக்கைதான் என்மேல் கோபப்பட்டது. பிசைந்தேன், உருட்டினேன், இலையில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினேன். வெயில் காய்ந்தது, நானும் பக்கத்தில் நின்று காய்ந்தேன். ஒரு வழியாகத் தட்டிலே எடுத்து உன் அம்மாவிடம் நீட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ருசியில் ஒரு குறையும் இல்லை. உமர் பாரூக் அண்ணாச்சி அதற்குள் ஐந்து தின்றுவிட்டார்.

உன் அம்மா தின்னவில்லை. பார்த்தாள். எழுந்து உள்ளே போய், துணிமணி வைக்கிற பெட்டியைத் திறந்து, ஒரு பூவரச இலைப் பொதியைக் கொண்டுவந்தாள். இலை காய்ந்து சருகாகிவிட்டது. உள்ளே ஒரு வில்லை, கல்போல இறுகி. மார்ச்சு மாதம் நீ முதல்முதலாக அனுப்பிய பொட்டலத்தில் ஒன்றைத் தின்னாமல் எடுத்து வைத்திருக்கிறாள்.

இரண்டையும் உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

"லே பாக்கியம், இங்கன வா. உன் பெருவிரல் பதிஞ்ச பள்ளம் எந்தப் பக்கம் சாயுது?"

பார்த்தேன். என் பள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மற்றதன் பள்ளம் நேர் எதிர்ப் பக்கம்.

"இது வலக்கை. இது இடக்கை" என்றாள். "அடிச்சு அடிச்சுப் பாத்தும் திருந்தாத கை. இதை நான் பாக்காம வேற யாரு பாக்க?"

"அக்கா, அப்போ மொதநாளே..."

"மொதநாளே தெரியும் லே. நீ அடுப்பங்கரைப் பக்கம் என்னைக்கு வந்த?"

ஐந்நூறு பேரும் சிரித்தார்கள். நான் கலங்கவில்லை. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். பின்னே, "பிறகு எதுக்கு அக்கா என்னைய உரல்ல போட்டு இடிச்ச?" என்று கேட்டேன்.

உன் அம்மா அந்தப் பழைய வில்லையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கண் முன்னால செய்யச் சொன்னா உனக்குக் கை ஒடியும், அவளைக் கூட்டிக்கிட்டு வந்திருவன்னு நெனைச்சேன். நீ என்னடான்னா துணிஞ்சு உரல் முன்னால நிக்க."

இதை அவள் என்னைத் திட்டுவதாகத்தான் சொன்னாள். நான் மெச்சினதாகவே எடுத்துக்கொண்டேன்.

"உன் பொருத்தனை என்னாகுது அக்கா? அவ தன் காலால வந்து நிக்கணும்னு சொன்னியே."

"அவ வரலியா? மாசக்கணக்கா வந்துக்கிட்டுத்தானே இருக்கா லே, இலையில பொதிஞ்சு. இன்னும் அந்த வீங்கின காலையும் நடக்க வைக்கணுமா? போ, வண்டியக் கெட்டச் சொல்லு."

பரணிலே ஏறியது அவளேதான். என்னை ஏற விடவில்லை. பழைய கருப்பட்டிப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி, புதுக் கருப்பட்டி வாங்கி நிரப்பினாள். ஆனால் ஒரு துணுக்கும் வாயில் போடவில்லை. "அவளப் பாத்த பிறகு" என்றாள். உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு வண்டி இப்போதுதான் தெருமுனை திரும்பியது. கோழிகளைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்திவிட்டாள். ஊரில் ஒரு பெரிய மனுஷனாவது இருக்க வேண்டும் அல்லவா.

பனங்காட்டுக்குள் காற்று அடிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் உன் ஆறு இங்கேயே ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கிறது. தட்டில் என் பிஸ்கோத்து இரண்டு மிச்சம் இருக்கிறது. தின்றுகொண்டே எழுதுகிறேன்.

உன் மாமன்,
பாக்கியசீலன்

❖

சீவலப்பேரி,
1911 ஜூன் 13

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒன்றும் தெரியாதவளைப் போலவே வாசித்தேன். ஐந்நூறு பேர் என்ற இடத்தில் அம்மா, "பதினஞ்சு பேரு" என்றாள். மற்ற எல்லாவற்றுக்கும் சும்மா இருந்தாள்.

நாளை விடியக் கிளம்புகிறோம். வண்டியில் வைக்கோலை நிறையப் பரப்பி, மேலே மெத்தை போட்டு எங்கள் வீட்டு அவர்கள் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள். தங்கத்தாயும் கூட வருகிறாள். இந்தத் தெருப் பெண்கள் அம்மாவிடம், இந்த அடுப்பு காணாத பிஸ்கோத்தை யார் முதலில் கண்டுபிடித்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் அம்மா, "என் தம்பி பாக்கியசீலன். துரைசாணி பங்களா சமையல்காரனே அவன் காலடியில தலைப்பாகைய வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டாள். நானும் ஆமாம் என்றேன். இந்த ஊரில் அது உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அம்மா வந்ததை ஜோடிக்காமல் எழுதுகிறேன். உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் வாசியுங்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, மத்தியானம் கொஞ்சம் வெயில் தெளிந்தது. வேட்டியை விரித்து வில்லைகளைப் பரப்பிவிட்டு மருத மரத்தடியில் சாய்ந்திருந்தேன். ஆற்றில் புதுத் தண்ணீர். மணல் கானலில் நெளிந்தது. தூரத்தில் ஒரு பெண் மணலில் நடந்து வந்தாள், முந்தானையில் எதையோ மூடிப் பிடித்துக்கொண்டு. இது அந்தக் கனவுதான் என்று நினைத்து நான் அசையாமல் கிடந்தேன். அசைந்தால் கலைந்துவிடுமே. இந்தத் தரம் அவள் இந்தக் கரையிலேயே வந்துகொண்டிருந்தாள். வந்தவள் என்னைப் பார்க்காமல் வேட்டியின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு காக்கையை விரட்டினாள்.

"ஏளா, இந்த ஓரத்துல எறும்பு ஏறுது. பாக்காமத் தூங்குதியே" என்றாள்.

கனவில் எறும்பு ஏறாது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"அம்மா" என்றேன்.

அம்மா நகர்ந்து வந்து என் காலை எடுத்து மடியில் வைத்து, வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். பிறகு என் இடது கையைப் பிடித்து, விரலில் ஒட்டியிருந்த பேரீச்சம்பழப் பசையைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் கையை விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானைக்குள் மூடியிருந்த பெட்டியைத் திறந்து கருப்பட்டியில் ஒரு துண்டு உடைத்தாள். வாசனை வந்ததும் நான் முகத்தைத் திருப்பினேன்.

"வேண்டாம்மா, எனக்குக் கருப்பட்டி ஆகாது. குமட்டும்."

"நான் தந்தா குமட்டாது. வாயத் திற."

திறந்தேன். துண்டில் பாதியை என் நாக்கில் வைத்தாள். மீதிப் பாதியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது என் வாயில் முழுவதும் கரைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் தன் பாதியை வாயில் போட்டாள்.

குமட்டவில்லை, மாமா.

ஜெபராணி